கிறிஸ்துமஸ் நாடகமும் பாட்டும்: பார்க்க வருகிறவர்கள் எப்போதும் கேட்கிற கேள்விகள்

டிசம்பர் பிறந்தால் போதும், காலையில் பால் சொசைட்டி வரிசையில் நிற்கும்போதே யாராவது கேட்டுவிடுவார்கள், "ஏனுங்க, இந்த வருஷமும் நாடகம் உண்டுங்களா?" உண்டுங்க. பெருந்துறைப் பக்கம் சின்ன ஊர் எங்களுடையது, சபையும் சின்னது, சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபை. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் போடும் கிறிஸ்து பிறப்பு நாடகத்துக்கு வசனம் எழுதுவது, திரை இழுப்பது, அழுகிற தேவதூதனுக்கு மூக்கு துடைத்துவிடுவது எல்லாம் பதினாறு வருஷமாக என் வேலை. பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் சபைக்கு வெளியே இருந்து வருகிறவர்கள். கேள்விகளும் வருஷா வருஷம் அதேதான். வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைக்கிறேன்.

நாங்க கிறிஸ்தவங்க இல்லை, வரலாமா?

தாராளமாக வாங்க. டிக்கெட் இல்லை, யாரும் பெயர், ஃபோன் நம்பர் எழுதி வாங்கமாட்டார்கள். போன வருஷம் ஒரு அக்கா தயங்கித் தயங்கி, "அப்புறம் வீட்டுக்கு வந்து மாறச் சொல்வாங்களா" என்று கேட்டார். கேட்டதில் தப்பில்லை. உள்ளதைச் சொல்கிறேன்: கடைசியில் ஆயர் பத்து நிமிஷம் செய்தி கொடுப்பார், அது பிரசங்கம்தான், இயேசு எதற்காகப் பிறந்தார் என்றுதான் பேசுவார். அதோடு சரி. மாரியம்மன் பண்டிகைக்குக் கம்பம் நட்டு ஆடும்போது நாங்களும்தான் தெருமுனையில் நின்று பார்க்கிறோம், அந்த மாதிரி நினைத்துக்கொண்டு வாங்க.

எந்த நாள், எத்தனை மணிக்கு?

இதில்தான் நிறையப் பேர் ஏமாந்து போகிறார்கள், ஏனென்றால் "கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி" என்று ஒரே பெயரில் நாலைந்து விஷயம் ஓடிக்கொண்டிருக்கும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாலு ஞாயிறும் வருகைக் காலம், அட்வென்ட் என்பார்கள். அதற்குள் ஏதோ ஒரு ஞாயிறு பொழுதோட பாடகர் குழுவின் கீத ஆராதனை நடக்கும். நாடகம் பெரும்பாலும் பிள்ளைகளுக்கு அரையாண்டுத் தேர்வு முடிந்த பிறகு, 23 வாக்கில் வரும். கணக்குப் பரீட்சைக்கு முந்தின நாள் ஒத்திகைக்குக் கூப்பிட்டு அம்மாக்களிடம் திட்டு வாங்கின அனுபவம் இருப்பதால் தேதியைப் பள்ளிக்கூட அட்டவணை பார்த்துத்தான் குறிக்கிறோம். கத்தோலிக்க ஆலயங்களில் 24 நள்ளிரவுத் திருப்பலி முக்கியம், நாடகம் அதற்கு முன்னால் இருக்கும். எங்களுக்கு 25 விடியற்காலை ஆராதனை.

ஆறு மணி என்று போட்டிருந்தால் ஆறே முக்காலுக்குத் தொடங்கும். ஆனால் முடிவு நேரம் தள்ளாது, ஒலி மாசு விதிகளின்படி (2000ஆம் ஆண்டில் வந்தது) இரவு 10 மணியிலிருந்து காலை 6 வரை பொது இடத்தில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. அதனால் ஒன்பதரைக்குள் ஏரோது ராஜாவை எப்படியாவது மேடையை விட்டு இறக்கிவிடுவோம். டவுன் பஸ்ஸில் வருகிறவர்கள் கடைசி பஸ் எப்போது என்று முன்னாலேயே விசாரித்து வையுங்கள்.

செருப்பு, முக்காடு, உடை?

வாசலைப் பாருங்கள், செருப்பு குவிந்து கிடந்தால் கழற்றுங்கள். எங்கள் நாடகம் ஆலய மைதானத்தில் நடப்பதால் அந்தக் கேள்வியே இல்லை. ஜெபத்தின்போது பெண்கள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொள்வார்கள், நீங்களும் போட வேண்டும் என்று இல்லை. ஸ்வெட்டர் மட்டும் மறக்காதீர்கள். மார்கழி ஏழு, எட்டு தேதிப் பனி, பிளாஸ்டிக் நாற்காலி, திறந்தவெளி, மூன்றும் சேர்ந்தால் ஒன்பது மணிக்குப் பல் கிட்டிவிடும்.

காணிக்கை போடணுமா?

கீத ஆராதனையில் பை சுற்றிவரும். விருப்பம் இருந்தால் போடலாம், இல்லையென்றால் பையைப் பக்கத்தில் இருப்பவருக்கு நகர்த்தலாம், யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். நாடகத்தில் பையே வராது. இன்னொன்று, 25ஆம் தேதி ஆராதனைக்கோ நள்ளிரவுத் திருப்பலிக்கோ போனீர்கள் என்றால், அப்பமும் ரசமும் (கத்தோலிக்கர் நற்கருணை என்பார்கள்) வாங்க எல்லாரும் வரிசையில் எழுந்து போவார்கள். அது பிரசாதம் மாதிரி எல்லாருக்கும் தருவது இல்லை, அந்த நேரம் இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருங்கள்.

கதையே தெரியாது, புரியுமா?

புரியும், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாசரேத் என்கிற ஊரில் மரியாள் என்று ஒரு பெண், யோசேப்பு என்கிற தச்சருக்கு நிச்சயிக்கப்பட்டவர். காபிரியேல் தூதன் வந்து உனக்குப் பிள்ளை பிறக்கும் என்கிறான். அந்தச் சமயத்தில் ரோம அரசன் அகுஸ்து குடிமதிப்பு எழுதச் சொல்கிறான், அவரவர் சொந்த ஊரில் போய்ப் பதிய வேண்டும். யோசேப்பின் பூர்வீகம் பெத்லகேம். நாசரேத்திலிருந்து நேர்கோட்டிலேயே நூறு கிலோமீட்டருக்கு மேல், ஈரோட்டிலிருந்து கோயமுத்தூருக்கு நடப்பது போல, அதுவும் மாசமான பெண்ணைக் கூட்டிக்கொண்டு. போன இடத்தில் இடம் இல்லை, பிறந்த குழந்தையைத் துணியில் சுற்றி மாட்டுத் தீனி போடும் தொட்டியில் கிடத்துகிறார்கள். மேய்ப்பர்கள் வருகிறார்கள். கிழக்கேயிருந்து நட்சத்திரம் பார்த்து ஞானிகள் வருகிறார்கள். அந்த நாட்டு ராஜா ஏரோது பொறாமைப்பட்டுக் குழந்தைகளைக் கொல்லச் சொல்கிறான், யோசேப்பும் மரியாளும் குழந்தையோடு எகிப்துக்குத் தப்பிக்கிறார்கள். அவ்வளவுதான் கதை.

பெயர்கள் சபைக்குச் சபை மாறும், குழம்ப வேண்டாம். நாங்கள் யோசேப்பு என்பவரைக் கத்தோலிக்கர் சூசையப்பர் என்பார்கள், எங்கள் பைபிளில் "சாஸ்திரிகள்" என்றிருப்பது அவர்களிடம் "ஞானிகள்". முன்னணை என்று வசனத்தில் வந்தால் அதுதான் தீனித் தொட்டி.

மேடையில் காட்டுவதெல்லாம் பைபிளில் இருக்கிறதா?

இந்தக் கேள்வியை ஒரு எட்டாம் வகுப்புப் பையன் கேட்டான். பாதிதான் இருக்கிறது.

முதலில், கதை பைபிளுக்குள் இரண்டு சுவிசேஷத்திலிருந்து (இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் நூல்கள்) வருகிறது. மேய்ப்பர்கள் லூக்கா எழுதினதில் மட்டும், ஞானிகள் மத்தேயு எழுதினதில் மட்டும். இரண்டு கூட்டமும் ஒரே இரவில் சந்தித்ததாக எங்கேயும் இல்லை. மத்தேயுவில் ஞானிகள் வந்து சேர்வது "வீட்டுக்கு", அதுவும் ஏரோது இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை எல்லாம் கொல்லச் சொன்னான் என்பதால் அவர்கள் நாள் கழித்து வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். மூன்று பேர் என்றும் இல்லை, மூன்று காணிக்கை என்றுதான் இருக்கிறது. ராஜாக்கள் என்றும் இல்லை. ஆனால் எங்களிடம் மூன்று கிரீடம் இருக்கிறது, ஜிகினா ஒட்டியது, அதனால் மூன்று ராஜாக்கள் வருகிறார்கள்.

மாடும் கழுதையும் இரண்டு சுவிசேஷத்திலும் கிடையாது. ஏசாயா தீர்க்கதரிசியின் நூலில் முதல் அதிகாரத்திலேயே, மாட்டுக்குத் தன் எஜமானைத் தெரியும், கழுதைக்குத் தன் தீனித் தொட்டி தெரியும் என்கிற அர்த்தத்தில் ஒரு வரி வரும். தொட்டி என்றதும் அங்கிருந்து இரண்டும் நடந்து வந்துவிட்டன. 1223இல் இத்தாலியில் கிரேச்சோ என்ற மலையூரில் அசிசியின் பிரான்சிஸ் வைக்கோல் பரப்பி, உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்தி, அந்தத் தொட்டிக்கு முன்னால் பூசை நடக்கச் செய்தார். குடில் கட்டுகிற வழக்கம் உலகமெங்கும் பரவியதற்கு அந்த ராத்திரியைத்தான் சொல்வார்கள்.

சத்திரக்காரன் கதை இன்னும் வேடிக்கை. லூக்காவில் சத்திரத்தில் இடம் இல்லை என்று ஒரு வரிதான், கதவைத் திறந்து விரட்டுகிற ஆள் யாரும் இல்லை. அங்கே இருக்கிற கிரேக்கச் சொல்லுக்கு விருந்தினர் அறை என்றும் பொருள் உண்டு, காசு வாங்கித் தங்கவைக்கும் சத்திரத்துக்கு லூக்காவே வேறு இடத்தில் வேறு சொல் போடுகிறார். அப்படியென்றால் சொந்தக்காரர் வீட்டில் விருந்தினர் அறை நிறைந்துபோய், மாடு கட்டுகிற பக்கத்தில் படுக்கவைத்திருக்கலாம். தோட்டத்துச் சாளையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், வீட்டை ஒட்டித்தானே கட்டுத்தரை. இதெல்லாம் தெரிந்தும் சத்திரக்காரனை வைத்திருக்கிறோம். அந்த வேஷத்துக்குத்தான் பையன்கள் அடித்துக்கொள்கிறார்கள், வில்லன் வேஷம் இல்லையா. ஒரு வருஷம் முன்வரிசையிலிருந்த அமுச்சி (பாட்டி) ஒருவர் அவனைப் பார்த்து, "மாசமா இருக்கற புள்ளைக்கு ஒரு ஓரம் குடுக்க மாட்டியாடா, நீ நல்லாருப்பியா" என்று சத்தமாகவே கேட்டுவிட்டார். பையன் வசனத்தை மறந்து, "எனக்குத் தெரியாதுங்க அமுச்சி, டீச்சர் சொல்லச் சொன்னாங்க" என்றான்.

டிசம்பர் 25 என்ற தேதியும் பைபிளில் இல்லை. 354இல் ரோமில் தொகுத்த ஒரு நாட்காட்டியில் அந்தத் தேதி இருக்கிறது.

மேய்ப்பர்கள் ஏன் கொங்காடை (சாக்கை மடித்துத் தலைக்குப் போடுவது) போட்டுக்கொண்டு நம்மூர்ப் பேச்சு பேசுகிறார்கள்?

இதற்குக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் எனக்குக் கொஞ்சம் பெருமை.

முன்பெல்லாம் எங்கள் மேய்ப்பர்கள் வாடகைக் கடை அங்கி, தலையில் துண்டு, கையில் வளைந்த கோல் என்று காலண்டர் படத்திலிருந்து இறங்கி வந்த மாதிரி இருப்பார்கள். "இதோ பாருங்கள் சகோதரரே, வானத்தில் ஓர் ஒளி!" என்று பேசுவார்கள். பிறகு ஒரு வருஷம் நிஜ ஆடு வேண்டும் என்று பிள்ளைகள் அடம் பிடித்ததால், காங்கேயம் பக்கம் கொறங்காட்டில் (மேய்ச்சல் காடு) செம்மறி பட்டி போட்டிருந்த ஒருவரைக் கேட்டோம். அவர் சபைக்காரர் இல்லை, எங்களுக்கு மாமா முறை மாதிரிப் பழக்கம். நாலு ஆட்டை டெம்போவில் ஏற்றிக்கொண்டு ஒத்திகைக்கே வந்துவிட்டார், பீடியை அணைத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்து பார்த்தார். மேடையில் மூன்று பையன்கள் மல்லாந்து படுத்துக் குறட்டை விட, தூதன் வந்து எழுப்புவான். மாமா எழுந்து நின்றுவிட்டார்.

"பட்டிக்காரன் மூணு பேரும் இப்படித் தூங்குனா நரி வந்து குட்டியத் தூக்கிட்டுப் போயிருமுங்க. ஒருத்தன் முழிச்சிருக்கோணும். மாத்தி மாத்தி."

வீட்டுக்குப் போய் லூக்காவைத் திறந்து பார்த்தேன். மேய்ப்பர்கள் வயல்வெளியில் தங்கி இரவில் மந்தையைக் காவல் காத்தார்கள் என்றுதான் எழுதியிருக்கிறது. தூங்கினதாக ஒரு சொல் இல்லை. இத்தனை வருஷம் ஞாயிறு பள்ளியில் இதே வசனத்தை மனப்பாடம் பண்ணவைத்த எங்கள் யார் கண்ணிலும் படாத ஒன்று, பைபிளைத் தொட்டே பார்க்காத ஒருவருக்குப் பட்டியைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

அந்த வருஷமே காட்சியை மாற்றினோம். படல் வைத்துப் பட்டி கட்டினோம், சோளத்தட்டில் குடிசை வேய்ந்தோம், சாக்கை மடித்துக் கொங்காடை போட்டோம், ஒருவன் முழித்திருந்தான். வசனத்தையும் அவர்கள் வாயில் வருகிறபடியே விட்டேன். இப்போது வருஷா வருஷம் மாமாவே மேடையில் நிற்கிறார், வசனம் கிடையாது, ஆட்டை அதட்டுகிற அந்த ஒரு சத்தம் மட்டும். கைதட்டல் அவருக்குத்தான் அதிகம். எங்கள் சபையிலேயே சில பெரியவர்களுக்கு இது பிடிக்கவில்லை, பெத்லகேம் எங்கே பெருந்துறை எங்கே என்கிறார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு, அதனால் மரியாளும் யோசேப்பும் இன்னும் பழைய அங்கியில்தான் வருகிறார்கள்.

அந்த மூன்று பெட்டியில் என்ன?

பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம். எங்கள் பெட்டிகளில் முறையே ஒரு கவரிங் வளையல், கப் சாம்பிராணி, ஒன்றுமில்லை. தூபவர்க்கம் என்பது அரேபியா பக்கத்து மரம் ஒன்றின் பிசின், நம் மலைகளில் இருக்கும் குங்கிலிய மரம் அதற்குச் சொந்தம். கடையில் சாம்பிராணி என்று விற்கிறார்களே, அது பெரும்பாலும் வேறொரு மரத்தின் பிசின்.

வெள்ளைப்போளம்தான் நம்மவர்களுக்கு ஆச்சரியம் தரும். அதுவும் மரப்பிசின்தான், அந்தக் காலத்தில் வாசனைக்கும் மருந்துக்கும் பிணத்துக்குப் பூசவும் பயன்பட்டது. அந்த மரத்தின் இனப்பெயர் கம்மிஃபோரா. கொறங்காட்டைச் சுற்றி முள்வேலியாக நிற்கிறதே கிளுவை, அதுவும் கம்மிஃபோராதான், ஒரே குடும்பத்துப் பங்காளி. போளம் எடுக்கிற மரம் வேறு, கிளுவை வேறு, அதைப் போய் கீறிப் பார்க்காதீர்கள். ஆனால் இது தெரிந்ததிலிருந்து மூன்றாவது பெட்டியில் ஒரு கிளுவைக் குச்சி போட்டு வைக்கலாமா என்று ஒரு யோசனை ஓடிக்கொண்டிருக்கிறது.

பாட்டு எப்படி இருக்கும்?

இரண்டு வகை. பாடகர் குழு பாடுவது நாலு குரலில், பெண்கள் சோப்ரானோ, ஆல்ட்டோ, ஆண்கள் டெனர், பேஸ். நாலு பேர் நாலு மெட்டில் பாடுகிற மாதிரித் தோன்றும், முதல் முறை கேட்பவர்கள் ஒரு குரலை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் சுகமாக இருக்கும். பேஸைப் பிடியுங்கள், எங்களிடம் அது ஒன்றுதான் சுருதியில் இருக்கும். கீத ஆராதனையில் பைபிள் வாசிப்பும் பாட்டும் மாறி மாறி வரும், ஒன்பது வாசிப்பு என்றால் ஒன்பது பாட்டு. இந்த ஒன்பது கணக்கு 1880இல் இங்கிலாந்தின் ட்ரூரோ நகரத்தில் தொடங்கி, 1918இல் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரிக்குப் போய், அங்கிருந்து உலகம் சுற்றினது.

இன்னொரு வகை தமிழ்க் கீர்த்தனை, பல்லவி அனுபல்லவி சரணம், ஆர்மோனியம், தபலா. ஈரோட்டில் மிஷனரியாக இருந்த பாப்லி என்ற ஆங்கிலேயர் நம் ராகங்களைக் கற்று, 1921இல் இந்திய இசை பற்றி ஒரு புத்தகமே எழுதினவர். நாலு குரல் பாட்டைவிட ஆனந்த பைரவியில் ஒரு கீர்த்தனைதான் எனக்கு இன்னமும் பண்டிகை வந்த மாதிரி இருக்கும், வாலிபர் சங்கத்துப் பையன்கள் ஒத்துக்கொள்ளமாட்டார்கள், அவர்களுக்குக் கீபோர்டும் டிரம்ஸும் வேண்டும்.

கைதட்டலாமா? நாடகத்தில் தட்டுங்கள், விசில்கூடப் பரவாயில்லை. கீத ஆராதனையில் தட்டுவது வழக்கமில்லை. எல்லாரும் எழுந்தால் எழுந்து நில்லுங்கள், உட்கார்ந்தால் உட்காருங்கள்.

சின்னக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரலாமா?

அழுதாலும் பரவாயில்லை, எங்கள் குழந்தை இயேசுவே அழுகிறார். பொம்மை வைத்துக்கொண்டிருந்தோம், ஒரு வருஷம் மரியாள் தூக்கும்போது தலை கழன்று உருண்டுவிட்டது. அன்றிலிருந்து நிஜக் குழந்தைதான், கடைசிக் காட்சிக்கு மட்டும், பக்கத்திலேயே அதன் அம்மா. வெடிச் சத்தம் உண்டு, அதற்குப் பயப்படுகிற குழந்தை என்றால் பின்வரிசையில் உட்காருங்கள்.

கிறிஸ்துமஸ் தாத்தா வருவாரா?

வருவார், முடிவில், டிரம் செட்டோடு. பைபிளுக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லை. இன்றைய துருக்கியில் இருக்கும் மீரா என்ற ஊரில் நாலாம் நூற்றாண்டில் பிஷப்பாக இருந்த நிக்கோலாஸின் நினைவு பல நூற்றாண்டு கை மாறி, சிவப்புச் சட்டையோடு நம் ஊர்வரை வந்து சேர்ந்திருக்கிறது. மிட்டாய் எறிவார், தலையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபோட்டோ, வீடியோ எடுக்கலாமா?

எடுங்கள், ஃபிளாஷ் வேண்டாம், ஆடு மிரளும். அடுத்தவர் பிள்ளையின் படத்தை ஸ்டேட்டஸில் போடும் முன் அவர்கள் வீட்டில் ஒரு வார்த்தை கேளுங்கள். எழுந்து நின்று எடுக்காதீர்கள், பின்னால் அமுச்சி இருக்கிறார்.

எங்கள் வீட்டுக்கும் பாட வருவீர்களா?

கேரல் ரவுண்ட்ஸ் சபை வீடுகளுக்குத்தான் போகும், ஆனால் கூப்பிட்டால் யார் வீட்டுக்கும் வருவோம். முன்னாடியே சொல்லுங்கள், வண்டி வரும் வழி அதை வைத்துத்தான். காபி கொடுத்தால் நல்லது, இருபத்தைந்து பேருக்கு.

நாடகம் தவறிவிட்டது, குடிலாவது பார்க்கலாமா?

ஜனவரி 6 வரை இருக்கும், அது ஞானிகள் வந்ததை நினைக்கும் நாள். கத்தோலிக்க ஆலயங்களின் குடில்கள் எங்களுடையதைவிடப் பெரியவை, ஒளிக்காமல் ஒத்துக்கொள்கிறேன். கோயமுத்தூரில் பெரிய கடை வீதி புனித மைக்கேல் பேராலயம், சேலத்தில் குழந்தை இயேசு பேராலயம், போகிற வழியில் என்றால் கருமத்தம்பட்டி செபமாலை அன்னை ஆலயம். 24 இரவுக்கு முன்னால் போனால் தொட்டி காலியாக இருக்கும், யாரோ எடுத்துப் போய்விட்டார்கள் என்று நினைக்க வேண்டாம், குழந்தையை அன்றைக்குத்தான் வைப்பார்கள்.

சாப்பாடு உண்டா?

முக்கியமான கேள்வியைக் கடைசியில் கேட்கிறீர்கள். அரிசிம்பருப்புச் சாதம், நெய், அப்பளம், மாங்காய் ஊறுகாய். பிரியாணி போடலாம் என்று ஒவ்வொரு வருஷமும் கூட்டத்தில் ஒரு கட்சி கிளம்பும், மார்கழியில் கவிச்சி சாப்பிடாதவர்கள் பாதிப் பேர் வருகிறார்கள் என்று இன்னொரு கட்சி சொல்லும், இரண்டாவது கட்சிதான் ஜெயிக்கும். ஒரு துண்டு பிளம் கேக்கும் கச்சாயமும் கையில் கொடுப்பார்கள். கேக்கில் முட்டை உண்டு. சாப்பிட்டதும் கிளம்பலாம், சொல்லிக்கொண்டு போக வேண்டும் என்றெல்லாம் இல்லை. நாற்காலியை மட்டும் மடக்கிச் சுவரோரம் சாய்த்துவிட்டுப் போனால் நல்லது, இருநூறு நாற்காலிக்கு நாங்கள் ஆறு பேர்.